பட்மின்டன் ரக்கட் வாங்குமுன் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நரம்பு போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் பட்மின்டன் பழக்குவேன். மற்ற நேரம் ரக்கட்டுகளுக்கு நரம்பு போடுவேன். ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சில வேளை கல்முனை தாண்டி அக்கரைப்பற்றிலிருந்தும் வருவதுண்டு. வருகிறவர்களில் பலர் காசு கொடுத்து வாங்கி முடித்த பிறகுதான் ரக்கட்டை நீட்டி, "சேர், இது எனக்குச் சரியா?" என்று கேட்கிறார்கள். கடைக்குப் போகுமுன் கேட்டிருந்தால் நல்லது என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த ரக்கட் நல்லது?

இதைக் கேட்பவரிடம் நான் மூன்று விஷயம் திருப்பிக் கேட்பேன். எங்கே விளையாடுகிறீர்கள்? எந்த ஷட்டிலில்? கிழமைக்கு எத்தனை நாள்?

பாடசாலை மண்டபத்தில் நைலோன் ஷட்டிலில் பழகும் 14 வயதுப் பிள்ளைக்குத் தேவையானது ஒன்று. நோன்பு காலத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து, சீமெந்துத் தரையில் மின்குமிழ் கட்டி, நடுச்சாமம் வரை இரட்டையர் ஆடும் இளைஞருக்குத் தேவையானது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வளவில் வலை கட்டிப் பிள்ளைகளோடு விளையாடும் தகப்பனுக்கு இரண்டும் வேண்டாம். இந்த மூன்று பேருக்கும் ஒரே ரக்கட்டைக் காட்டி "இதுதான் இப்போது எல்லாரும் வாங்குவது" என்று சொல்லும் கடைக்காரரை நம்பி வாங்காதீர்கள்.

4யூ, ஜி5 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அது என்ன?

கைப்பிடி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் சின்னக் கூம்பு ஒன்று இருக்கும். பெரும்பாலான ரக்கட்டுகளில் தேவையான விபரம் அந்தக் கூம்பிலேயே இருக்கிறது. விலைச்சீட்டைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.

யூ என்பது பாரம். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, 5யூ என்றால் 75 முதல் 79. எண் கூடக்கூடப் பாரம் குறையும். 5 கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பீர்கள். ஒரு மணித்தியாலம் விளையாடிய பிறகு உங்கள் தோள் அதைச் சொல்லும். இங்கே புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு நான் சொல்வது 4யூ. மெலிந்த கை உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 5யூ.

ஜி என்பது கைப்பிடியின் தடிப்பு. யொனெக்ஸ் நிறுவனத்தின் ரக்கட்டுகளில் எண் கூடினால் பிடி மெலியும், அதாவது ஜி4ஐ விட ஜி5 மெல்லியது. லி-நிங் ரக்கட்டுகளில் எஸ் என்ற எழுத்து வரும், அங்கே எண் கூடினால் தடிப்பும் கூடும். இந்தத் தலைகீழ் விஷயத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மெல்லியதை வாங்குங்கள். மெல்லிய பிடிக்கு மேல் ஒரு கிரிப் (பிடியில் சுற்றும் பட்டி) சுற்றித் தடிப்பாக்கலாம், தடித்த பிடியை மெலிய வைக்க முடியாது.

கூம்பில் இறாத்தல் கணக்கும் இருக்கும். 20–28 என்பது போல. நரம்பை எவ்வளவு இறுக்கத்தில் போடலாம் என்பதற்கு உற்பத்தியாளர் வைத்த எல்லை அது. கீழே அதைப் பற்றி வருகிறது.

தலைப்பாரமான ரக்கட்டில்தான் ஸ்மாஷ் அடிக்கலாம் என்கிறார்களே?

ஸ்மாஷ் என்றால் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பலமாக அடிப்பது. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பார்க்கும் தோள் வலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருகிறது.

மண்வெட்டியை அலகுக்குப் பக்கத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும். பிடியின் நுனியில் பிடித்துத் தூக்குங்கள், அதே மண்வெட்டி பாரமாகிவிடும். நிறை ஒன்றுதான், அது கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ரக்கட்டிலும் அப்படியே. இரண்டு 4யூ ரக்கட்டுகள் தராசில் ஒரே நிறை காட்டும், கையில் எடுத்து வீசினால் ஒன்று இழுக்கும், மற்றது பறக்கும்.

இதைக் கடையிலேயே அளக்கலாம். ரக்கட்டின் தண்டை ஒரு விரலில் கிடையாக வைத்து, இரண்டு பக்கமும் சரியாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளவுநாடாவால் அளவுங்கள். 285 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் தலை லேசானது. 285க்கும் 295க்கும் இடையில் வந்தால் சமன். அதற்கு மேல் போனால் தலைப்பாரம். நரம்பு, கிரிப் எல்லாம் போட்டபின் இது சில மில்லிமீற்றர் மாறும். அதனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுங்கள், ஒன்றுக்கு நரம்பு போட்டு மற்றதற்குப் போடாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

தலைப்பாரம் ஸ்மாஷுக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் சரியான நேரத்தில், சரியான உயரத்தில், முன்கையைச் சுழற்றி அடிக்கத் தெரிந்தவருக்கே உதவும். பழகாதவர் அடிக்கும்போது அந்தப் பாரம் பிந்தி வரும், ஷட்டில் வலைக்குள் போகும். இரட்டையரில் எதிரே இருப்பவர் வேகமாகத் திருப்பி அடித்தால் ரக்கட்டைத் தூக்கிக் காட்டவே நேரம் போதாது.

எனக்கு 22 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் ஒரு சம்பியன் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கொழும்பில் ஒரு கடையில் 3யூ, தலைப்பாரம், மிக விறைப்பான தண்டு என்று ஒன்றை வாங்கினேன். கடையில் யாரும் என் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் மாதம் வலது தோளைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, சட்டை போடவே அம்மா உதவ வேண்டியிருந்தது. ஆறு மாதம் விளையாட்டில்லை. அந்த ரக்கட் நல்ல ரக்கட்தான், அதை வீசும் பலம் என்னிடம் அப்போது இருக்கவில்லை. அந்த வேதனை இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நிலூக்க கருணாரத்ன யப்பானின் கெனிச்சி டாகோவை வென்றபோது நாங்கள் எல்லாரும் துள்ளினோம். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது சின்ன வயதிலிருந்து நாளாந்தம் செய்த பயிற்சி. அவர் போன்றவர்கள் வைத்திருப்பதைப் பார்த்து ரக்கட் தெரிவு செய்யாதீர்கள்.

தண்டு விறைப்பாக இருக்க வேண்டுமா, வளைய வேண்டுமா?

மெதுவாக வீசுபவருக்கு வளையும் தண்டு உதவும், அது பின்னால் வளைந்து நிமிரும்போது ஷட்டிலுக்குக் கொஞ்சம் வேகம் சேரும். வேகமாக வீசுபவருக்கு விறைப்பு உதவும், அடித்த திசை மாறாது. பின்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு உங்களால் சிரமமில்லாமல் தூக்கி அடிக்க முடியாவிட்டால் விறைப்பான தண்டை நினைக்கவே வேண்டாம். நடுத்தரம் போதும்.

யொனெக்ஸா, லி-நிங்கா, விக்டரா?

மூன்றும் நல்லவை. ஒரே நிறுவனத்திலேயே பத்து விதம் இருக்கும்போது பெயரை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. நிறுவனங்கள் தங்கள் ரக்கட்டுகளை வகை பிரித்துத்தான் வெளியிடுகின்றன. யொனெக்ஸில் ஆஸ்ட்ரொக்ஸ் வரிசை தலைப்பாரம், நனோஃபிளெயர் தலை லேசு, ஆர்க்சேபர் நடுவில். விக்டரில் த்ரஸ்டர் பலத்துக்கு, ஓராஸ்பீட் வேகத்துக்கு. லி-நிங்கில் அக்ஸ்ஃபோர்ஸ் பலத்துக்கு, பிளேடெக்ஸ் வேகத்துக்கு. ஆகவே ஆஸ்ட்ரொக்ஸை த்ரஸ்டரோடும் அக்ஸ்ஃபோர்ஸோடும் ஒப்பிடுங்கள். ஆஸ்ட்ரொக்ஸையும் ஓராஸ்பீடையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

யொனெக்ஸ் பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1946இல் மினோரு யொனெயாமா யப்பானில் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது ரக்கட் இல்லை, மீன்வலைக்குக் கட்டும் மர மிதவை. பிளாஸ்டிக் மிதவை வந்ததும் மர மிதவைக்குச் சந்தை போய்விட்டது. பிறகு 1957இல் பட்மின்டன் ரக்கட் செய்யத் தொடங்கினார்கள். நாவலடியில் கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது, அவன் தன் ரக்கட்டை அன்று முழுவதும் வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையில் கிடைக்கும் மலிவு இரும்புத் தண்டு ரக்கட் வீண்தானா?

வளவில் விளையாட அது போதும். வீண் இல்லை. வளையமும் தண்டும் சேரும் இடத்தில் ஒட்டு வெளியே தெரியும், பாரமும் கொஞ்சம் கூட. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் தண்டு துருப்பிடிக்கும், துடைத்து உள்ளே வையுங்கள். ஆனால் பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போகத் தொடங்கினால் முழுக்க கிராஃபைட்டில் செய்த, விலை குறைந்த ஒன்றுக்கு மாறுங்கள். மலிவுக்கும் நடுத்தர விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. நடுத்தரத்துக்கும் உச்ச விலைக்கும் இடையில் அவ்வளவு இல்லை, அதை உணர உங்கள் ஆட்டமும் உயர்ந்திருக்க வேண்டும்.

மகனுக்கு எட்டு வயது. பெரிய ரக்கட் வாங்கினால் வளர்ந்த பிறகும் பாவிக்கலாம் அல்லவா?

தயவு செய்து வேண்டாம். சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை விழும். இதிலும் அப்படித்தான். சிறுவர்களுக்கென்று குட்டையான ரக்கட்டுகள் உண்டு. நீளம் கூடினால் பிள்ளை இரண்டு கையாலும் பிடிக்கும், மணிக்கட்டை மடக்கித் தள்ளும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்ற எனக்கு ஒரு வருடம் எடுக்கும்.

நரம்பு எத்தனை இறாத்தலில் போட வேண்டும்?

"சேர், 28 போடுங்க" என்று 16 வயதுத் தம்பிமார் கேட்கிறார்கள். நான் போட மாட்டேன் என்று சொன்னால் முகம் வாடிவிடும். காரணத்தைச் சொல்லி அனுப்புவேன். இங்கேயும் சொல்கிறேன்.

நரம்பு தளர்வாக இருந்தால் ஷட்டில் படும்போது உள்ளே அமிழ்ந்து, பிறகு தள்ளிவிடும். அந்தத் தள்ளலில் உங்களுக்குச் சும்மா கொஞ்சம் வேகம் கிடைக்கும். இறுக்கினால் அது குறையும், வேகம் முழுவதும் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். பதிலாக, அடி எங்கே போகிறது என்பதில் துல்லியம் கிடைக்கும். இன்னொன்று, இறுக்கம் கூடக்கூட நரம்பின் நன்றாக அடிபடும் நடுப்பகுதி சுருங்கும். நடுவில் படாத அடியெல்லாம் முழங்கைக்குப் போகும்.

தொடங்குபவருக்கு 20 முதல் 22. ஒழுங்காக ஒரு குழுவோடு விளையாடுபவருக்கு 23, 24. வலய மட்டம் தாண்டி மாகாண மட்டத்தில் விளையாடும் பிள்ளைக்கு 25, 26 வரை போடுவேன், அதற்கும் முதலில் அந்தப் பிள்ளையின் அடியை நேரில் பார்ப்பேன். ஒரே தடவையில் நான்கு இறாத்தல் கூட்டாதீர்கள். ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

நரம்பில் தடிப்பு முக்கியம். யொனெக்ஸ் பிஜி65 என்பது 0.70 மில்லிமீற்றர், நீண்ட நாள் நிற்கும். பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, அடித்தால் சத்தம் நன்றாக வரும், சீக்கிரம் அறும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் பிஜி65தான். மாதம் ஒருமுறை நரம்பு போட எல்லா வீட்டிலும் காசு இருக்காது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூத்துக்கோ கோயிலுக்கோ பறை அடிக்குமுன் நெருப்பில் வாட்டித் தோலை இறுக்குவார்கள். நைலோன் நரம்பு அதற்கு எதிர். சூடு பட்டால் தளரும். வேனின் கண்ணாடியை மூடிவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ரக்கட்டின் இறுக்கம் போய்விடும். மாகாணப் போட்டிக்குப் போகும் வழியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது இதைத்தான் நாங்கள் செய்தோம். பிள்ளைகளின் நரம்பெல்லாம் தொய்ந்து போய், முதல் ஆட்டத்தில் ஷட்டில் கோட்டுக்கு வெளியே வெளியே போனது. அன்றிலிருந்து ரக்கட் பை எங்களோடு சாப்பாட்டுக் கடைக்குள் வருகிறது.

எங்கள் ஊர்ச் சூட்டுக்கு எந்த ஷட்டில்?

ரக்கட்டைப் போலவே இதுவும் முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஷட்டில் வேகமாகப் பறக்கும். ஆகவே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மெதுவான ஷட்டில் வேண்டும். யொனெக்ஸ் மேவிஸ் நைலோன் வாங்கினால் அடிப்பட்டி பச்சை நிறமாக இருப்பதை எடுங்கள், பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு குளிர் நாட்டுக்கு. இறகு ஷட்டிலில் 75, 76, 77, 78 என்று எண் வரும். சிறிய எண் மெதுவானது. இங்கே 75 அல்லது 76.

இறகு ஷட்டிலில் 16 இறகுகள், நிறை 4.74 முதல் 5.50 கிராம். அடித்ததும் வேகமாகப் புறப்பட்டுச் சட்டென்று மெதுவாகும். நைலோன் அப்படி மெதுவாகாது. போட்டியில் இறகு ஷட்டில் வரும் என்றால் அதற்கு முன் ஒரு கிழமையாவது பிள்ளையை இறகில் பழக்குங்கள்.

கச்சான் காற்றில் வெளியே விளையாடலாமா?

கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, அடிக்கும் மாதங்களில் மத்தியானம் முடியவே முடியாது. விடியற்காலையில், காற்று எழும்புமுன் விளையாடுங்கள், அல்லது மதில் மறைவில் வலையைக் கட்டுங்கள். அந்த நேரத்தில் நைலோன்தான். இறகை வெளியே எடுத்தால் காசைக் காற்றில் விடுவதுதான்.

உலக பட்மின்டன் சம்மேளனம் 2019இல் திறந்த வெளிக்கென்று எயார்பட்மின்டன் என்ற விளையாட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கான ஷட்டில் மணிக்கு 12 கிலோமீற்றர் வரையான காற்றைத் தாங்கும், மணலிலும் புல்லிலும் விளையாடலாம், ரக்கட் சாதாரண ரக்கட்தான். கல்லடிக் கடற்கரையிலும் பாசிக்குடாவிலும் காலை வேளையில் இதைப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

கட்டாரிலிருந்து மாமா ஸ்குவாஷ் ரக்கட் கொண்டுவந்தார். அதில் பட்மின்டன் விளையாடலாமா?

இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், பட்மின்டனில் உச்சம் 680 மில்லிமீற்றர், ஸ்குவாஷில் 686. அதனால் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். ஆனால் ஸ்குவாஷ் ரக்கட் 110 முதல் 150 கிராம் வரை இருக்கும். 24 கிராம் றப்பர் பந்தைச் சுவரில் அடிக்கச் செய்தது அது. நரம்பும் தடிப்பு. அதில் ஐந்து கிராம் ஷட்டிலை அடித்தால் கையும் நோகும், ஷட்டிலும் கிழியும்.

வீசிவிடாமல் பத்திரமாக வையுங்கள். பிள்ளை படிக்கவோ வேலைக்கோ கொழும்பு போனால் அங்கே ஸ்குவாஷ் கோட்டுகள் இருக்கின்றன. அது எப்படிப்பட்ட ரக்கட் என்று பார்க்க இதே வழிதான்: நிறையைப் பாருங்கள், விரலில் வைத்துச் சமனைப் பாருங்கள். கூடவே வடிவத்தையும் பாருங்கள். நரம்புகள் கைப்பிடிக்குக் கிட்ட வரை நீண்டு கண்ணீர்த்துளி போல இருந்தால் பலம் கூடத் தரும். இடையில் குறுக்குப் பாலம் இருந்தால் கட்டுப்பாடு கூட.

போலி ரக்கட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்டிலும் கூம்பிலும் உள்ள எண்களை நகத்தால் தடவுங்கள். சொறியும்போது மை உரிந்தால் எடுக்காதீர்கள். எழுத்துப் பிழை, மங்கிய நிறம், கூம்பில் 4யூ என்று இருந்தும் சமையலறைத் தராசில் 100 கிராம் காட்டுவது, இவை எல்லாம் அடையாளம். உச்ச விலை ரக்கட் ஒன்று பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். போலியின் ஆபத்து காசு மட்டுமில்லை. 24 இறாத்தலுக்கே என் மெஷினில் வளையம் வெடித்த போலிகள் உண்டு. அதனால் இப்போது சந்தேகமான ரக்கட் வந்தால் உரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நரம்பு போடுகிறேன்.

கை வியர்த்து ரக்கட் நழுவுகிறது.

எங்கள் புழுக்கத்தில் யாருக்கும் வியர்க்கும். துவாய்த்துணி கிரிப் வியர்வையை நன்றாக உறிஞ்சும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஒட்டும் வகை மெல்லிய கிரிப்பை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். கிரிப் ஒன்று சுமார் 5 கிராம், அது கைப்பக்கம் சேர்வதால் ரக்கட்டின் தலை லேசாகத் தெரியும். ஏற்கெனவே தலைப்பாரமான ரக்கட்டை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

எனக்கு 45 வயது, முழங்கை நோகிறது. விளையாட்டை விட வேண்டுமா?

இதைக் கேட்ட அக்காவின் ரக்கட்டை வாங்கிப் பார்த்தேன். மகனுடைய பழையது, 3யூ, 26 இறாத்தல். பிடியோ அவருடைய கைக்கு மெல்லியது, அதனால் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். முதலில் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். அக்கா ஓய்வெடுத்து வந்த பிறகு 5யூ ரக்கட், 20 இறாத்தல், ஒரு கிரிப் கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தேன். இப்போது புதன்கிழமைகளில் தவறாமல் வருகிறார்.

விளையாடும்போது நரம்பு அறுந்துவிட்டது. மறுநாள் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் அதற்கு முன் அந்த இடத்திலேயே மிச்ச நரம்பை வெட்டிவிடுங்கள். ஒரு நரம்பு அறுந்ததும் வளையத்தில் இழுவை ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் அப்படியே நிற்கும். இரவு முழுக்க அப்படி இருந்தால் வளையம் கோணும், சில வேளை வெடிக்கும். நடுவிலிருந்து தொடங்கி, நெட்டும் குறுக்குமாக மாறி மாறி வெளிப்பக்கம் வெட்டிக்கொண்டு போங்கள். பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று இருக்கட்டும். வெட்டிய நரம்பை வளவில் எறியாதீர்கள், கோழிகளின் காலில் சுற்றும்.